சர்நேம் எது, கிவன் நேம் எது? வெளிநாட்டுப் படிவம் நிரப்பும் யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு வழிகாட்டி

விசா, ஐஈஎல்ரிஎஸ் ஆங்கிலப் பரீட்சை, பல்கலைக்கழக அனுமதி, விமான ரிக்கற் என்று எந்தப் படிவத்தைத் திறந்தாலும் முதலில் நிற்பவை இரண்டு பெட்டிகள். ஒன்றில் சர்நேம், மற்றதில் கிவன் நேம். அக்கா குடும்பத்துக்குக் கனடா விசிற் விசாவும் மருமகனுக்கு மாணவர் விசாவும் போடும் வேலை என் தலையில் விழுந்தபோது, வங்கிக் கணக்குக்கோ காணி உறுதிக்கோ அழைப்புக் கடிதத்துக்கோ நான் இவ்வளவு அலையவில்லை. அலைந்ததெல்லாம் இந்த இரண்டு பெட்டிகளால்தான். காசு வாங்கிப் படிவம் நிரப்பிக்கொடுக்கும் ஒருவரிடம் முதலில் கொடுத்துப் பார்த்தோம். அவர் அப்பாவுக்கு ஒரு மாதிரியும் பிள்ளைக்கு வேறு மாதிரியும் நிரப்பித் தந்தார். பிறகு நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தவை கீழே இருக்கின்றன. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

விளங்குவதற்காக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். தாத்தா கந்தையா, மகன் சிவகுமார், சிவகுமாரின் மனைவி வசந்தி, மகள் அபிராமி.

1. படிவத்தைத் திறக்க முன் பாஸ்போட்டின் அடிவரியைப் பாருங்கள்

படம் ஒட்டிய பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் நெருக்கமாக அச்சாகியிருக்கும். ஒவ்வொன்றிலும் 44 எழுத்துகள். விமான நிலையத்து இயந்திரம் வாசிப்பது இதைத்தான். முதல் வரியில் பாஸ்போட்டின் வகையும் எல்.கே.ஏ என்ற நாட்டுக் குறியும் வந்து, அதை ஒட்டியே பெயர் தொடங்கும். பெயருக்கு நடுவே ஓரிடத்தில் ‹‹ என்று இரண்டு கூர்க்குறிகள் சேர்ந்தாற்போல் இருக்கும். அந்த இரட்டைக் குறிக்கு முன்னால் இருப்பது சர்நேம், பின்னால் இருப்பது கிவன் நேம். ஒரே பாதிக்குள் இரண்டு சொற்கள் இருந்தால் அவற்றுக்கு இடையே ஒற்றைக் குறிதான் வரும்.

சிவகுமாரின் பாஸ்போட்டில் அது கந்தையா ‹‹ சிவகுமார் என்று இருக்கும். சரி, சிவகுமாருக்கு இதோடு விடை கிடைத்துவிட்டது: சர்நேம் கந்தையா, கிவன் நேம் சிவகுமார். வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், பள்ளிக்கூட இடாப்பில் எப்படி இருந்தது என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது.

பெயருக்கு அந்த வரியில் 39 இடங்கள்தான் உண்டு. நீளமான பெயர் என்றால் கடைசி எழுத்துகள் வெட்டுப்பட்டிருக்கலாம். அப்படியானால் மேலே முழுதாக அச்சிட்டிருப்பதையே படிவத்தில் எழுதுங்கள். அடிவரியை எது எந்தப் பாதி என்று அறிய மட்டும் பாருங்கள்.

இரட்டைக் குறிக்குப் பின்னால் எழுத்தே இல்லாமல், வரி முடியும்வரை வெறும் கூர்க்குறிகளாகவே ஓடுகிறதா? உங்கள் பாஸ்போட் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போட். 5ஆம் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

2. இரண்டு சொல்லும் சொல்வது என்ன

சர்நேம் என்பது ஒரு குடும்பத்துக்கே பொதுவான பெயர். தாத்தா, அப்பா, பிள்ளை எல்லோருக்கும் ஒன்றாகவே போகும். சில படிவங்களில் ஃபாமிலி நேம் என்றும் சிலவற்றில் லாஸ்ற் நேம் என்றும் கேட்பார்கள். மூன்றும் ஒரே பெட்டிதான். கிவன் நேம் என்பது பெற்றோர் உங்களுக்கென்று வைத்த பெயர். ஃபர்ஸ்ற் நேம் என்று கேட்டாலும் அதுவே. இலங்கைப் பாஸ்போட்டில் இதையே அதர் நேம்ஸ் என்று அச்சிட்டிருப்பார்கள். இந்தச் சொல் பின்னால் ஒரு வில்லங்கம் தரும், சொல்கிறேன்.

எங்களில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அந்த வெற்றிடத்தில் தந்தையின் பெயரை வைத்து ஓட்டுகிறோம். அதனால் எங்கள் சர்நேம் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். வெளிநாட்டு அதிகாரிக்கு விளங்காத இடம் இதுதான்.

அதைவிட மோசமான பொறி ஃபர்ஸ்ற், லாஸ்ற் என்ற சொற்களில் இருக்கிறது. ஆங்கிலேயர் சொந்தப் பெயரை முன்னாலும் குடும்பப் பெயரைக் கடைசியிலும் எழுதுவார்கள். நாங்கள் அப்பாவின் பெயரை முன்னால் போட்டு, சொந்தப் பெயரைக் கடைசியில் எழுதுவோம். ரவுணில் ஒரு கொமினிகேசனில் படிவத்தைத் தட்டிக்கொண்டிருந்த தங்கச்சி என்னைப் பார்த்துக் கேட்டது: "லாஸ்ற் நேம் எண்டா கடைசியில வாற பேர்தானே அண்ணை?" கேள்வியில் பிழை பிடிக்க முடியாது. ஆனால் அப்படி நிரப்பினால் சிவகுமார் சர்நேம் ஆகிவிடும், கந்தையா சொந்தப் பெயர் ஆகிவிடும், பாஸ்போட்டோடு ஒத்துவராது. ஆகவே எழுதும் வரிசையை மறந்துவிடுங்கள். அடிவரியில் இரட்டைக் குறிக்கு முன்னால் நிற்பதுதான் லாஸ்ற் நேம், அது எங்கள் வாயில் முதலில் வந்தாலும்.

சிலருடைய பாஸ்போட்டே தலைகீழாக அச்சாகியிருக்கும்: சொந்தப் பெயர் சர்நேமிலும் அப்பாவின் பெயர் அடுத்த வரியிலும். பாஸ்போட் மாறும்வரை அதைத் திருத்தி நிரப்பப் போகாதீர்கள். தலைகீழாக இருப்பதைத் தலைகீழாகவே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

3. ஆவணங்களை மேசையில் பரப்பி ஒரு தாளில் எழுதுங்கள்

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்போட், ஓ.எல்., ஏ.எல். சான்றிதழ்கள், விவாகச் சான்றிதழ், வங்கிப் புத்தகம். ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். அரைமணி நேர வேலைதான். பிறகு நடக்கும் எல்லாவற்றுக்கும் இந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

பிறப்புச் சான்றிதழில் பெயர் என்ற இடத்தில் அநேகமாக உங்கள் சொந்தப் பெயர் மட்டும்தான் இருக்கும். அப்பாவின் முழுப்பெயர் வேறு கூட்டில் இருக்கும். அடையாள அட்டையில் இரண்டும் சேர்ந்து வரும். பழைய லேமினேற் அட்டையில் ஆங்கிலமே இல்லை. அதனால் உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை எப்போதோ ஒரு பள்ளிக்கூடத்திலோ மொழிபெயர்ப்பவரின் மேசையிலோ யாரோ ஒருவர் முடிவுசெய்திருப்பார்.

என் மருமகனின் பெயரையே எடுங்கள், துஷ்யந்தன். ஓ.எல். சான்றிதழில் நடுவில் வெறும் எஸ். பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் எஸ், எச் இரண்டும். வங்கியில் அப்பாவின் பெயர் முழுதாக இல்லை, முதலெழுத்து மட்டும். ராசா – ராஜா, டி – டி எச், கடைசியில் ஒற்றை ஏ – இரட்டை ஏ என்று எங்கள் பெயர்கள் வழுக்கும் இடங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். தமிழில் ஒன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், அங்கே தமிழை யாரும் வாசிக்கப் போவதில்லை.

4. பாஸ்போட் இன்னும் எடுக்காதவர்கள்

உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது, எல்லாவற்றையும் இங்கேயே சரிசெய்துகொள்ளலாம். யாழ்ப்பாணத்தில் இப்போது மாவட்டச் செயலகத்திலேயே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இயங்குகிறது. 2025 செப்ரெம்பர் 1ஆம் திகதி திறந்தார்கள். அதற்கு முன் வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ விடிய முன் வெளிக்கிட வேண்டியிருந்தது.

தேவையானவை: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை இரண்டினதும் மூலமும் போட்டோ கொப்பியும், அங்கீகரிக்கப்பட்ட ஸ்ரூடியோவில் படம் எடுத்த பற்றுச்சீட்டு, கணவர் பெயரைச் சேர்ப்பதென்றால் விவாகச் சான்றிதழ், பழைய பாஸ்போட் இருந்தால் அதுவும். ஸ்ரூடியோக்காரரே படத்தைத் திணைக்களத்துக்குக் கணினி வழியே அனுப்பிவிடுவார். அந்த அனுமதி சில ஸ்ரூடியோக்களுக்கு மட்டும்தான், படம் எடுக்க முன் கேளுங்கள்.

கட்டணம் சாதாரண சேவைக்கு 10,000 ரூபா, ஒருநாள் சேவைக்கு 20,000 ரூபா. இது அடிக்கடி ஏறும் விலை, போகும் வாரத்தில் ஒருதடவை திணைக்களத்தின் தளத்தில் பாருங்கள். ஒருநாள் சேவைக்குக் காசைக் கொட்ட முன் பயணம் உண்மையில் அவ்வளவு அவசரமா என்று யோசியுங்கள். பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதிக்குச் சில நூறு ரூபாதான். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் தேடும் கட்டணம் மிச்சம், நேரமும் மிச்சம்.

படிவத்தில் சர்நேம் என்ற இடத்தில் அப்பாவின் பெயரையும் அதர் நேம்ஸ் என்ற இடத்தில் உங்கள் பெயரையும் முழுதாக எழுதுங்கள். முதலெழுத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். சர்நேமை வெறுமையாகவும் விடாதீர்கள். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லைத்தானே என்று நேர்மையாக விட்டவர்கள்தான் பிறகு ஒற்றைப் பெயரோடு மாட்டுப்படுகிறார்கள். எழுத்துக்கூட்டல் ஓ.எல். சான்றிதழில் உள்ளதாகவே இருந்தால் நல்லது, படிக்கப் போகிறவர்களுக்குக் கட்டாயம். பாஸ்போட் கைக்கு வந்ததும் கவுன்ரரை விட்டு விலக முன் அடிவரியை எழுத்துக் கூட்டி வாசியுங்கள். பெரியவர்களின் பாஸ்போட் 10 வருடத்துக்குச் செல்லும், பிழையும் அவ்வளவு காலம் கூடவே வரும்.

பிள்ளைகளுக்குத் தாத்தாவின் பெயரையே நிரந்தரக் குடும்பப் பெயராக வைத்துவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கந்தையா அபிராமி என்று வைத்தால் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே சர்நேம் வரும், உண்மைதான். பிறப்புப் பதியும்போதே அந்தப் பெயரைச் சேர்த்திருந்தால் செய்யுங்கள். பதியாமல் பாஸ்போட்டில் மட்டும் கொண்டுவர முயன்றால் ஒரு சிக்கலைத் தீர்க்கப்போய் இன்னொன்றை வாங்குவீர்கள்.

5. வெளிநாட்டுப் படிவங்கள்

நிரப்பும் முறை எல்லா நாட்டுக்கும் அநேகமாக ஒன்றே: பாஸ்போட்டில் உள்ளதை உள்ளபடி. இந்தியாவின் ஈ-விசாப் படிவத்தில் இரண்டு பெட்டிக்கும் பக்கத்தில் பாஸ்போட்டில் உள்ளபடியே எழுதும்படி போட்டிருப்பார்கள். ஒற்றைப் பெயருக்குத்தான் நாட்டுக்கு நாடு வேறுபடும். கனடாவுக்கு அந்த ஒரு பெயரை ஃபாமிலி நேம் பெட்டியில் எழுதி, கிவன் நேமை வெறுமையாக விட வேண்டும். அமெரிக்காவுக்குச் சர்நேமில் அதை எழுதி, கிவன் நேமில் எஃப்.என்.யூ என்று மூன்று எழுத்துப் போட வேண்டும், சொந்தப் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். அந்த மூன்று எழுத்தும் விசாவில் உங்கள் பெயராகவே அச்சாகி வரும், பயப்படாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 இறுதியிலிருந்து ஒற்றைப் பெயர்ப் பாஸ்போட்டுக்கு விசிற் விசா கொடுப்பதில் கடுமையாகிவிட்டது. டுபாய் வழியாக இறங்கிப் போகும் எண்ணம் இருந்தால் முதலில் விமான நிறுவனத்திடம் கேளுங்கள்.

இப்போது அந்த அதர் நேம்ஸ் வில்லங்கம். எங்கள் பாஸ்போட்டில் அதற்குச் சொந்தப் பெயர் என்று பொருள். கனடா, அமெரிக்கப் படிவங்களில் வேறு பெயர் பாவித்திருக்கிறீர்களா என்று அதே சொல்லைப் போட்டுக் கேட்பார்கள். அங்கே கேட்பது கல்யாணத்துக்கு முந்திய பெயர், மாற்றிய பெயர், வேறு ஆவணத்தில் உள்ள பெயர். பாஸ்போட்டைப் பார்த்து அங்கேயும் சிவகுமார் என்று எழுதினால் உங்களுக்கு இரண்டு பெயர் இருப்பதாக ஆகிவிடும். உண்மையிலேயே வேறு எழுத்துக்கூட்டலில் ஆவணம் இருந்தால் அதை இந்த இடத்தில் மறைக்காமல் எழுதுங்கள். நீங்களே முன்கூட்டிச் சொன்னால் அது தகவல், அவர்களாகக் கண்டுபிடித்தால் அது சந்தேகம்.

மிடில் நேம் என்ற பெட்டி வந்தால் வெறுமையாக விடுங்கள். அப்பாவின் பெயரை அங்கே ஒளித்துவைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது.

அப்பாவின் சர்நேம் என்று கேட்கும் இடத்தில் கை தடுமாறும். அபிராமி தன் அப்பாவின் சர்நேமாக எழுத வேண்டியது கந்தையா, கிவன் நேமாக சிவகுமார். தன் சர்நேமையே அங்கேயும் எழுதக்கூடாது. அமெரிக்கப் படிவத்தில் தாய்மொழி எழுத்தில் முழுப்பெயர் என்றும் ஒரு பெட்டி உண்டு, அதில் தமிழிலேயே எழுதலாம்.

கனடா விசிற் விசாவுக்கு 100 கனடிய டொலர், கைரேகையும் படமும் எடுக்கும் பயோமெற்றிக்ஸுக்கு 85. மாணவர் விசாவுக்கு 150. அமெரிக்க விசிற் விசாவுக்கு 185 அமெரிக்க டொலர். பெயர்க் குழப்பம் ஒன்றுக்காகவே நிராகரிப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் வாரங்கள் போகும், நிராகரித்தால் விண்ணப்பக் கட்டணம் திரும்பாது, அவ்வளவுதான். ஐஈஎல்ரிஎஸ் பதியும்போதும் அதே பாஸ்போட்டைப் பார்த்து அதே இரண்டு பெட்டியை நிரப்புங்கள். பரீட்சை நாளில் அதே பாஸ்போட்டைத்தான் கேட்பார்கள், பெறுபேறு 2 வருடம்தான் செல்லுபடியாகும்.

6. குடும்பமாகப் போடும்போது

எங்கள் உதாரணக் குடும்பத்தைப் பாருங்கள். சிவகுமாரின் சர்நேம் கந்தையா. வசந்தி கணவர் பெயரைச் சேர்த்திருந்தால் அவருடைய சர்நேம் சிவகுமார். அபிராமியின் சர்நேமும் சிவகுமார். தாயும் மகளும் ஒரு சர்நேம், வீட்டுத் தலைவர் மட்டும் வேறு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் யாரோ அந்நியர் போலத்தான் தெரியும்.

இதற்கு ஒரு பக்க விளக்கக் கடிதம் போதும். எங்கள் வழக்கில் குடும்பப் பெயர் கிடையாது, தந்தையின் பெயரே சர்நேம் இடத்தில் வருகிறது, இன்ன பாஸ்போட் இலக்கம் உடையவர் இன்னாரின் தந்தை, இன்னாரின் கணவர், ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழும் விவாகச் சான்றிதழும் இணைக்கப்பட்டுள்ளன என்று நேராக எழுதுங்கள். பண்பாட்டு விளக்கம் இரண்டு வரியைத் தாண்ட வேண்டாம்.

கல்யாணமானவுடன் பாஸ்போட்டில் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று சொந்தக்காரர் சொல்வார்கள். அப்படிக் கட்டாயம் இல்லை. அப்பாவின் பெயரோடு இருக்கும் பாஸ்போட் காலாவதியாகும்வரை செல்லும், கணவன் மனைவி என்பதற்கு விவாகச் சான்றிதழ் இருக்கிறது. படிப்புச் சான்றிதழ் எல்லாம் அப்பாவின் பெயரில் இருக்க, வெளிநாட்டில் படிக்கவோ வேலை செய்யவோ போகிறவர் மாற்றாமல் விடுவதே மேல் என்பது என் எண்ணம்.

7. ஒத்துவராததை ஒத்துவரச் செய்தல்

ஓரிரு எழுத்து வித்தியாசம் என்றால் சத்தியக்கடதாசி போதும். இன்ன ஆவணத்தில் இன்னபடியும் இன்ன ஆவணத்தில் இன்னபடியும் எழுதப்பட்டிருப்பவர் ஒரே ஆள் நான்தான் என்று ஆங்கிலத்தில் தட்டச்சிட்டு, சமாதான நீதவான் முன்னிலையில் கையெழுத்திடுங்கள். முன்கூட்டியே கையெழுத்து வைத்துக்கொண்டு போகாதீர்கள், அவர் கண் முன்னால்தான் வைக்க வேண்டும். ஒரே நாளில் முடியும் வேலை.

மொழிபெயர்ப்புக்கு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம்தான் போக வேண்டும். போகும்போது பாஸ்போட் கொப்பியையும் கொடுத்து, பெயர்களை இதில் உள்ள எழுத்துக்கூட்டலில் போடும்படி தட்டத் தொடங்க முன்னமே சொல்லுங்கள். அப்பா, அம்மா பெயர்களுக்கும் அவர்களுடைய பாஸ்போட்டையோ அடையாள அட்டையையோ காட்டுங்கள். முத்திரை குத்திய பிறகு திருத்தக் கேட்டால் முகம் மாறும், சில இடங்களில் விலையும் மாறும். கட்டணம் ஆளுக்கு ஆள் வேறு, பக்கத்துக்கா ஆவணத்துக்கா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சியையும் சேர்த்துக் கேட்கும் நிறுவனம் என்றால் கொழும்புக்கு ஓட வேண்டாம், யாழ். மாவட்டச் செயலகத்திலேயே பிராந்தியக் கொன்சியுலர் அலுவலகம் இருக்கிறது. கேட்காதவர்களுக்கு அதை எடுப்பது வீண் செலவு.

பரீட்சைச் சான்றிதழில் பெயரே பிழை என்றால் பரீட்சைத் திணைக்களம், பிறப்புப் பதிவிலேயே பிழை என்றால் பிரதேச செயலகம். பிறப்புப் பதிவுத் திருத்தம் மாதக்கணக்கில் இழுக்கும். அதைத் தொடங்கினால் பிறப்புச் சான்றிதழ், பிறகு அடையாள அட்டை, அதன்பிறகு பாஸ்போட் என்ற வரிசையில் போங்கள். இடையில் ஒன்றைத் தாண்டினால் திரும்பவும் அங்கேயே கொண்டுவந்து விடுவார்கள். பல்கலைக்கழகக் கடைசித் திகதி நெருங்கியவர்கள் இதில் கைவைக்காமல் சத்தியக்கடதாசியோடு சமாளிக்கப் பாருங்கள்.

8. ரிக்கற்

பலாலியிலிருந்து சென்னை போவதானாலும் கட்டுநாயக்காவிலிருந்து ரொறன்ரோ போவதானாலும் ரிக்கற்றிலும் அதே இரண்டு பெட்டிதான். முகவரிடம் போட்டால் பாஸ்போட்டின் தெளிவான படத்தை அனுப்புங்கள், பெயரைப் போனில் சொல்லாதீர்கள். ரிக்கற் வந்ததும் கந்தையா/சிவகுமார்எம்ஆர் என்பதுபோல் சாய்கோட்டோடு ஒரு பெயர் இருக்கும். சாய்கோட்டுக்கு முன்னால் சர்நேம், பின்னால் கிவன் நேம், அதோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் எம்ஆர் வெறும் மிஸ்ரர். பெண்களுக்கு அந்த இடத்தில் எம்ஆர்எஸ் அல்லது எம்எஸ் வரும். பெயரில் இரண்டு எழுத்தை யாரோ கூட்டிவிட்டார்கள் என்று பதறி முகவருக்குப் போன் அடிப்பவர்கள் நிறைய, அதில் பிழை ஒன்றும் இல்லை. இரண்டு பெயரும் இடம் மாறியிருந்தால் மட்டும் அன்றைக்கே சொல்லித் திருத்துங்கள். போட்ட உடனே என்றால் அநேகமாகச் சும்மா செய்து தருவார்கள், பயண நாள் நெருங்க நெருங்கக் காசு கேட்பார்கள், சில மலிவு ரிக்கற்றுகளில் புதிதாக வாங்கு என்றே சொல்லிவிடுவார்கள்.